அந்தச் சாம்பல் நிறத் துண்டு

ஓட்டப் பயிற்சிக்கான ஷூக்கள் சிலவற்றின் உள்பக்கத்தில், பாதத்தின் குழிவு வந்து உட்காரும் இடத்தில், வெள்ளை நுரைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெள்ளை அமுங்கும், சாம்பல் லேசில் அமுங்காது. சென்னையில் ஒரு கடையில் என்னை ஈரக் காலோடு அட்டைமேல் நிற்கச் சொன்னார்கள். தடம் குழிவே இல்லாமல் முழுசாக விழுந்தது. "சார், உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட். கால் உள்ளே சாயுது. ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும், இல்லேன்னா முட்டி போயிடும்" என்று அங்கிருந்த தம்பி எடுத்து நீட்டியது அந்தச் சாம்பல் துண்டு வைத்த ஷூவைத்தான்.

இந்தத் தட்டைப் பாதம் எனக்கு அப்பா வழிச் சொத்து. அவர் ஆயுசுக்கும் ஹவாய் செருப்போடு நடந்தவர். முட்டி வலி என்று ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பாதம் உள்ளே சாய்வது ஒரு குறை என்று முதலில் சொன்னது யார்? ஷூவை வாங்காமல் வீட்டுக்கு வந்து, பழைய ஆய்வுக் கட்டுரைகளையும் ஷூ நிறுவனங்களின் வரலாற்றையும் தோண்ட ஆரம்பித்தேன்.

சாய்வது எல்லோருக்கும் உள்ளதுதான். குதிகால் தரையில் பட்டதும் பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. 'ப்ரோனேஷன்' என்பது இதுதான். எவ்வளவு சரிந்தால் அதிகம் என்பதற்கு அளவுகோல் வைத்தவர்களில் முக்கியமானவர், கலிபோர்னியாவைச் சேர்ந்த பாத மருத்துவர் மெர்டன் ரூட். குதிகாலின் பின்புறம் ஒரு கோடு, கெண்டைக்காலில் ஒரு கோடு. அந்த இரண்டு கோடுகளும் எப்படி நிற்கின்றன என்று பார்த்து, பாதத்துக்கு ஒரு 'நடுநிலை' உண்டு என்றார். 1971இலும் 1977இலும் அவரும் கூட்டாளிகளும் எழுதிய நூல்கள் பாத மருத்துவத்தில் பாடமாகவே ஆகிவிட்டன. அந்த இலக்கணத்துக்குள் அடங்காத பாதங்களோடு சௌக்கியமாக நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கோடு போட்டுவிட்டால் கோணல் தெரியத்தானே செய்யும்?

ரூட் காட்டிய கோடு மருத்துவமனையிலிருந்து கடைக்கு வந்ததற்குக் காரணம் அமெரிக்காவின் ஓட்ட மோகம். ஓரிகான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்துக்குப் போய், அங்கிருந்த பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் மெல்லோட்டத்தைக் கற்றுவந்து ஊர் மக்களை ஓடவிட்டார். பிறகு ஷூவுக்கு அடிப்பாகம் செய்ய மனைவியின் வாஃபிள் அச்சில் ரப்பரை ஊற்றிய கதையும் அவருடையதுதான். 1972இல் ம்யூனிக் ஒலிம்பிக் மராத்தானில் ஃப்ராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றதும், அலுவலகக் குமாஸ்தாக்கள்கூடத் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள். முட்டி வலியும் கூடவே வந்தது. 1970களின் நடுவில் ப்ரூக்ஸ் நிறுவனம் இ.வி.ஏ. என்ற இலேசான நுரையைக் கொண்டுவந்தது. குதிகாலுக்கடியில் மெத்தை மாதிரி இருந்த அந்த நுரை ஒரு பக்கம் அமுங்கினால் கால் இன்னும் சாயும். அதே நிறுவனம் 1977இல் 'வான்டேஜ்' ஷூவில் உள்பக்கம் உயர்ந்த ஆப்பு ஒன்றைச் செருகி, சாய்வைத் தடுக்கும் என்று விற்றது. என் சாம்பல் துண்டுக்கு அதுதான் பாட்டன். மெத்தை கிளப்பிய ஆட்டத்துக்கு ஆப்பு வைத்து முட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1978இல், ஜலந்தரில் இந்திய ஓட்டக்காரர் ஷிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மராத்தான் ஓடினார். வெறுங்காலில் ஓடுவதற்குப் பெயர்போனவர் அவர். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. (அதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட வேண்டாம், நம் சாலைகளில் பாட்டில் சில்லு இல்லாத இடம் குறைவு.)

ஈரத் தடத்தைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று பெரிய அளவில் சோதித்தது அமெரிக்க ராணுவம். ஒரு பாதிப் பேருக்குப் பாத வடிவத்துக்கேற்ற ஷூ. மறு பாதிக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. தரைப்படை, விமானப்படை, மரீன் என மூன்று படைகளின் ஆரம்பப் பயிற்சி முகாம்களிலும் செய்து, 2009, 2010 ஆண்டுகளில் முடிவை வெளியிட்டார்கள். காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்குச் சாம்பல் துண்டு இல்லாத ஒரே சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்விலும், பாதம் உள்ளே சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகமில்லை.

எதிர்ச் சாட்சியும் உண்டு. லக்ஸம்பர்க்கில் 372 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியான சோதனையில், நன்றாகச் சாயும் பாதக்காரர்களுக்குச் சாய்வைத் தடுக்கும் ஷூ உதவியது. ஆகவே அந்தத் துண்டை முழு ஏமாற்று என்று நான் தள்ளமாட்டேன். ஈரத் தடத்தைப் பார்த்த கையோடு முட்டியைக் காட்டி மிரட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எதை நம்பி வாங்குவது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இதையே ஆராய்ந்த பென்னோ நிக், 2015இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் சொன்னது எளிமையானது: காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இதுவும் இன்னும் முழுசாக நிரூபிக்கப்பட்டதல்ல. ஆனால் அட்டையில் விழுந்த தடத்தைவிட என் காலின் பேச்சைக் கேட்பது மேல் என்று தோன்றியது. வேறொரு கடையில் நாலைந்து ஜோடிகளை மாட்டி, வாசலில் ஓடிப் பார்த்து, சாம்பல் துண்டு இல்லாத ஒன்றை எடுத்தேன்.

நீங்கள் வாங்கப் போவதானால் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் மாட்டி, பெரிய பாதத்தின் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.