ஐப்பசி நடை

மேலைநாட்டார்க்கு இலையுதிர்காலம் நடைக்குரிய காலம். இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் அப்பருவத்தில் வழிகாட்டியோடு கூடிய நடைகள் ஒழுங்கு செய்யப்படுகின்றன. எளியது, நடுத்தரமானது, கடினமானது என அவற்றை வகுத்து, முதியோரும் ஊன்றுகோலுடன் நடப்போரும் சக்கர நாற்காலியிற் செல்வோரும் தத்தமக்கு இயன்றதைத் தேர்ந்துகொள்ள வகை செய்கிறார்கள். இதனைக் கேள்வியுறும் நம்மவர் சிலர், வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிச் சிரித்துவிடக்கூடும். அவ்வாறு சிரித்து ஒதுக்கத்தக்க விடயம் அன்று இது என்பதே நமது கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலையுதிர்காலம் என ஒன்றில்லை. அம்மாதங்களில் நமக்கு வாய்ப்பது கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். சுண்ணாம்புக்கல்லின் மேற் கிடக்கும் இந்நிலத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழையிற் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு இம்மாதங்களை ஒட்டியே பொழிகிறது. அது கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நமது கிணறுகள் தருவது அந்நீரையே. வேலிகளிற் காந்தள் பூப்பதும், வெடித்துக் கிடந்த தரவைகள் பசுமை கொள்வதும், வழுக்கியாறு ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். நடந்து பார்க்க வேண்டிய பருவம் நமக்கு ஒன்று உண்டெனில் அது இதுவே.

ஆயினும், ஐப்பசி நடை என்றதும் நம் மக்களின் நெஞ்சில் எழுவது வேறொரு நடை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், போர் நெருங்கிவந்த வேளையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டிறங்கி, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். முதியோர் துவிச்சக்கர வண்டிகளில் வைத்து உருட்டப்பட்டனர். நோயாளர் கதிரைகளிற் சுமக்கப்பட்டனர். அன்று குழந்தைகளாயிருந்த நம் தலைமுறையினர் தோள்களில் தூக்கிச் செல்லப்பட்டனர். இயன்றவர், இயலாதவர் என்ற வகுப்பு அவ்வீதியில் இருக்கவில்லை. நடக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இருக்கவில்லை. இவ்வாறு கட்டாயத்தால் நடந்த ஒரு சமுதாயம், விருப்பத்தால் ஒருங்கு நடக்கக் கற்பது சிறிய காரியமா?

இவ்வெண்ணத்தோடுதான் கடந்த ஐப்பசியில் வழுக்கியாற்றின் ஓரமாக ஒரு நடையை ஒழுங்கு செய்தோம். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை ஏந்திக் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலியிற் கடலேரியை அடையும் இச்சிற்றாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறாக இருக்கிறது. ஏனைய மாதங்களில் அதனை ஆறென்று ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் தெரியும். புவியியலாளராகவும் விளங்கிய செங்கை ஆழியான் தமது நாவலொன்றுக்கு 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்று பெயரிட்டார். அப்பெயரைப் பாடப்புத்தகத்திற்கு வெளியே கண்டிராத மாணவரும், அவர்தம் பெற்றோர் சிலரும், அயலவர் சிலருமாக முப்பது பேர்வரை கூடினோம். விதி ஒன்றே வகுத்துக்கொண்டோம்: ஆக மெதுவாக நடப்பவர் முன்னே செல்வார், மற்றவர் அவரை முந்தலாகாது.

அவ்விதியின் பயன் முதல் மதகிலேயே தெரிந்தது. பார்வையற்ற இளைஞர் ஒருவர், நமது பழைய மாணவர், மதகின் கட்டிற் கைவைத்துச் சற்று நேரம் நின்றார். "சேர், ஒரு கண்ணுக்காலதான் தண்ணி பாயுது, மற்றக் கண் அடைஞ்சு போச்சு" என்றார். மாணவர் கீழிறங்கிப் பார்த்தனர். பிளாஸ்ரிக் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் நீர்ப்பாசியும் சேர்ந்து ஒரு கண்ணை முற்றாக அடைத்திருந்தன. பார்வையுள்ள நாம் அனைவரும் அந்த மதகை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். விரைந்து செல்பவனுக்கு ஆறு ஒரு காட்சி மட்டுமே. நின்று கேட்பவனுக்கே அது ஊரின் கிணறுகளோடு தொடர்புடைய நீர் என்பது புலனாகிறது. அடைபட்ட மதகிற்கு மேலே வயல் வெள்ளத்தில் அழுகும். கீழேயுள்ள குளமோ நிரம்பாது கிடக்கும். இதனை வகுப்பறையிற் பல மணிநேரம் விளக்கியும் ஏறாத பாடம், அந்த இளைஞரின் ஒரு வாக்கியத்தில் ஏறியது.

சற்றுத் தூரம் சென்றதும் பாதை உயர்ந்த வரம்பொன்றில் ஏறியது. சக்கர நாற்காலியில் வந்த பத்தாம் வகுப்பு மாணவனை நால்வர் தூக்க முற்பட்டனர். அவன் உடன்படவில்லை. "என்னைத் தூக்க வேண்டாம், அண்ணை; வழியைத் திருத்துங்கோ" என்றான். அருகே நின்ற கமக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தமது கொட்டிலிலிருந்து இரண்டு நீண்ட பலகைகளைக் கொண்டுவந்து வரம்பில் சாய்த்தார். அவை இருசக்கர உழவு இயந்திரத்தை வரம்பேற்றுவதற்கென்று அவர் வைத்திருந்தவை. நாற்காலி அவற்றின் மேல் இலகுவாக ஏறிற்று. இயந்திரம் ஏறுவதற்குப் பலகை உண்டு. மனிதன் ஏறுவதற்கு இல்லை! வறுமையோ அறியாமையோ இதற்குக் காரணமன்று. அம்மாணவனும் வயல்வெளிக்கு வருவான் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவே.

கண்ணிவெடியில் வலக்காலை இழந்த கூலிப்பெண் ஒருவரும் நம்மோடு நடந்தார். அவர் அணிந்திருந்தது ஜெய்ப்பூர்க் கால். 1968இல் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உருவாக்கிய வகை அது. சப்பாத்து அணியாதோரும், சேற்றில் இறங்கி உழைப்போரும், சம்மணமிட்டு அமர்வோரும் பயன்படுத்த வேண்டும் என்று கருதி இறப்பரில் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் இக்கால்கள் பல ஆண்டுகளாகச் செய்து பொருத்தப்படுகின்றன. களிமண்ணில் எங்கு கால் புதையும், எங்கு தாங்கும் என்பதை ஊன்றுகோலாற் குத்திப்பார்த்து வழிசொன்னவர் அவரே. 1995இல் பத்து வயதுச் சிறுமியாகத் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நடந்தவர் அவர். மாணவி ஒருத்தி அதைப்பற்றி வினவியபோது அவர் கூறியது இது: "அண்டைக்கு ரெண்டு காலும் இருந்தது, பிள்ளை, எங்கை போறமெண்டு தெரியேல்லை. இண்டைக்கு ஒரு கால்தான். ஆனா பின்னேரம் வீட்டை திரும்பலாமெண்டு தெரியும்."

நடப்பவரின் களைப்பை எண்ணிப் பார்ப்பது நம் மண்ணுக்குப் புதியதன்று. பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில நிற்கின்றன. பிறர் கைகொடுக்காமலே ஒருவர் தம் தலைச்சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் தக்க உயரத்தில் அவை நாட்டப்பட்டன. பருத்தித்துறையின் தெருமூடி மடம் வழிப்போக்கர்க்கு நிழல் தந்தது. இவற்றைப் போற்றுகிறோம். ஆனால் பழமையின் பெருமையை மட்டும் பாடி நிறுத்திவிட முடியாது. சுமைதாங்கியை நாட்டிய அதே சமுதாயம், சுமை சுமந்தவனைக் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் மறித்து நிறுத்தியது.

சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்கென 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குறைபாடு என்னும் அச்சொல்லை ஆழ்ந்து நோக்க வேண்டும். கோயிலுக்குட் செல்ல முடியாதவனின் கால்களில் எக்குறையும் இருக்கவில்லை; குறை வாசலைக் காத்தவர்களிடமே இருந்தது. சட்டம் வந்தும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், அதுவும் ஓர் ஐப்பசியில், சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாக நடந்தனர். பொலிசாரின் தடியடியையும் மீறி நடந்தனர். தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்க வழி செய்தவை அந்நடையும் அதைத் தொடர்ந்த போராட்டங்களுமே. உடற்குறையுடையோர் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களுக்குட் புகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஓய்வும் பொழுதுபோக்கும் அவர்க்கும் உரியன என்று கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. எனினும் கால்களில் உள்ளதாக நாம் கருதும் குறை, உண்மையில் வரம்பிலும் மதகிலும் படிக்கட்டிலும் இருக்கிறது என்ற உணர்வு இன்னும் பரவவில்லை.

நடை ஓர் உரிமை என்பதை உழைக்கும் மக்கள் எங்கும் போராடியே நிலைநாட்டியுள்ளனர். 1932 ஏப்ரல் 24இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில், நிலவுடைமையாளரின் தடையை மீறி, மான்செஸ்டர்ப் பகுதித் தொழிலாள இளைஞர் நூற்றுக்கணக்கில் ஏறினர். பென்னி ரொத்மன் உள்ளிட்ட ஐவர் சிறை சென்றனர். நாட்டுப்புறத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கும் சட்டம் 1949இல் அங்கே இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டில் நிகழும் அமைதியான இலையுதிர்கால நடைகளுக்குப் பின்னால் இவ்வரலாறு உண்டு. இங்கோ, 1990 முதல் மூடிக்கிடந்த வயாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலிற் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது, அவ்வீதியில் எவரும் நடந்து செல்லலாகாது என்பதும் நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. வாகனம் ஓடலாம், தம் காணியின் வேலியருகே மனிதன் நடக்கலாகாது!

ஆதலின் நடைக்குழு அமைப்பது வெறும் உல்லாசம் ஆகாது. ஆசிரியர்கள் முன்வந்தால் ஒவ்வொரு பாடசாலையும் ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். அடைபட்ட மதகுகளையும், கைபிடியற்ற பாலங்களையும், சாய்தளம் வேண்டிய வரம்புகளையும் மாணவர் நடந்தே குறித்து, அப்பட்டியலைப் பிரதேச சபையிடமும் கமக்காரர் அமைப்புகளிடமும் கையளிக்கலாம். வரம்புக்கு இரண்டு பலகை பெருஞ்செலவன்று. அப்பலகைகளை இடும்வரை, நடக்க இயலாதவர் என்று நாம் யாரையும் அழைக்க உரிமையில்லை.