நெய் வேண்டாம், ஆறு வாரத்துக்கு

கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆட்களுக்கு இருதய ஆபரேஷன் என்பது புதுச் சங்கதி இல்லை. 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸை வெற்றிகரமாகச் செய்த டாக்டர் கே.எம். செரியன், பிற்காலத்தில் எங்கள் எளாவூரில்தான் மருத்துவ நகரம் ஒன்றைத் தொடங்கினார். ஆனால், இருதயம் சரியான குழந்தைக்குப் பால் ஆகாமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்தது என் தங்கை பேரன் விஷயத்தில்தான்.

பிறவியிலேயே இருதயக் கோளாறு. ஒன்றரை வயதில் சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பால் கொடுக்க ஆரம்பித்த மறுநாள், நெஞ்சில் போட்டிருந்த குழாயில் வெள்ளையாக இறங்கியது. சீழோ என்று பயந்தோம். டாக்டர் படம் வரைந்து காட்டினார்.

சோற்றின் சத்தும் பருப்பின் சத்தும் குடலிலிருந்து ரத்தம் வழியாக ஈரலுக்குப் போகின்றன. கொழுப்புக்கு வேறு பாதை. நிணநீரோடு கலந்து, நெஞ்சுக்குள் ஓடும் நூல் போன்ற ஒரு குழாய் வழியாக ஏறி, இடது கழுத்தருகே ரத்தக்குழாயில் சேர்கிறது. ஆபரேஷனில் அந்தக் குழாயில் கீறல் விழுந்தாலோ, சேரும் இடத்தில் ரத்த அழுத்தம் கூடினாலோ, நிணநீர் கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கும். கைலோதொராக்ஸ் என்பார்கள். கசிவது வெறும் தண்ணீர் இல்லை. புரதமும் நோய் எதிர்க்கும் அணுக்களும் கூடவே போய்விடும். குழந்தை மெலியும், கிருமி தொற்றும்.

வைத்தியம் முதலில் சாப்பாடுதான். குழாய் ஆறும்வரை கொழுப்பு கூடாது. எம்.சி.டி. எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அது அந்தக் குழாய்க்குப் போகாமல் நேராக ஈரலுக்குப் போய்விடும். அப்படியும் நிற்காவிட்டால் ஆக்ட்ரியோடைட் ஊசி. கடைசியில் குழாயைக் கட்டிவிடும் ஆபரேஷன்.

எங்களுக்கு ஆறு வாரம் சொன்னார்கள். இட்லி, பருப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, கொழுப்பு எடுத்த பால்பவுடரில் தோய்த்த தயிர். நெய், தேங்காய், வேர்க்கடலை, பிஸ்கட் எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். பிள்ளையின் அப்பா சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பார்க்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் பிஸ்கட் பாக்கெட். "ஆபரேஷன் பண்ண பிள்ளையைப் பட்டினி போடுறாளே" என்று மருமகள் காதுபடவே பேசினார்கள். என் தங்கையே ஒருநாள், "அண்ணே, ஒரு சொட்டு நெய்யில என்ன ஆயிடும்?" என்றாள். மருமகள் கண் கலங்கி, "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். டாக்டர் வரைந்த படத்தைத் தங்கைக்கு நானும் வரைந்து காட்டினேன். மறுநாள் முதல் பிஸ்கட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் காவல்காரி அவள்தான்.

ஏழாவது வாரம் எக்ஸ்ரேயில் நீர் இல்லை. பழைய சாப்பாட்டுக்கு மெல்ல மெல்லத் திரும்பினோம்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், டிஸ்சார்ஜ் அன்றே உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.