நோம்புக்கால முட்டை

குருத்தோலை ஞாயிறு நெருங்கினாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை மகன் அந்தச் செய்தியைப் போட்டுவிடுவான். ஈஸ்டர் ஒரு வசந்த தேவதையின் திருவிழாவாம். முயல் அவளுடைய விலங்காம், முட்டை அவளுக்கான படையலாம். எல்லாவற்றையும் திருச்சபை எடுத்துக்கொண்டதாம். அவன் கெட்ட எண்ணத்தில் போடுகிறவன் இல்லை. ஆனாலும் எனக்கு உறுத்தும். பாஸ்கா பூசை முடிந்து நடுராத்திரியில் வீடு திரும்பியதும் எங்கள் கையில் அவித்த முட்டையை வைத்தவர் பாட்டி. அவர் கொடுத்தது யாருடைய படையல் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று புத்தகங்களைத் திறந்தேன்.

தேவதைக்குச் சாட்சி ஒருவர்தான். வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி. கி.பி. 725இல் காலக்கணக்கைப் பற்றி எழுதிய நூலில், தம் முன்னோரின் மாதப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஏப்ரல் மாதத்துக்கு வந்ததும், எயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரால் அது அழைக்கப்பட்டது, அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள், இப்போது பாஸ்கா காலத்தையும் அவள் பெயராலேயே அழைக்கிறார்கள் என்கிறார். அவ்வளவுதான். அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒரு பத்தியிலேயே வெகுநாள் கிடந்தேன். கோயில் எங்கே? சிலை எப்படி? என்ன படைத்தார்கள்? பீட் வாயைத் திறக்கவில்லை. முயலும் இல்லை, முட்டையும் இல்லை. அவர் கற்பனை செய்துவிட்டார் என்றும் தள்ள மனம் வரவில்லை. ஏழு வயதில் மடத்துக்குள் வந்த துறவிக்கு, இல்லாத தேவதையை உண்டாக்கி என்ன ஆகப்போகிறது? போதாததற்கு, 1958இல் ஜெர்மனியின் மோர்கென்-ஹார்ஃப் என்ற இடத்தில் 150க்கும் மேற்பட்ட ரோமானியக் காலக் கல்வெட்டுகள் கிடைத்தன. ‘ஆஸ்ட்ரியாஹேனே’ என்ற அன்னைத் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வைத்தவை. எயோஸ்ட்ரேயின் பெயருக்கு நெருங்கிய பெயர். தேவதை இருந்திருக்கலாம் என்றே இப்போது நினைக்கிறேன். அவள் கையில் முட்டையைக் கொடுத்தவர்கள்தான் வேறு ஆட்கள்.

1835இல் ஜெர்மானிய மொழியறிஞர் யாக்கோப் கிரிம், பீட் எழுதியதை வைத்து ஜெர்மனியிலும் ‘ஓஸ்டாரா’ என்றொருத்தி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1874இல் இன்னொரு ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மன், ஈஸ்டர் முயல் தமக்கு விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, அது ஓஸ்டாராவின் விலங்காக இருக்கலாம் என்றார். அந்த ‘இருக்கலாம்’ கைமாறிக் கைமாறி எங்கள் குடும்பக் குழுவுக்கு வரும்போது ‘இருந்தது’ ஆகியிருந்தது.

சரி, முட்டை? இதைப் பக்கத்து வீட்டு அம்மச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்த்தாண்டத்துக்காரர், மலங்கரை சபை. தேவதைக் கதையை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பீட், கிரிம் என்று நான் எதை எடுத்தாலும் ஒரே பதில்தான்: “மக்களே, நீ அம்பது நோம்பு பிடிச்சுப் பாரு. பெறவு பேசலாம்.” இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடாமல் ஈஸ்டர்வரை இருக்கிற நோன்பு அது. “கோழிக்கு நோம்பு தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை இடும். யாரும் தின்ன மாட்டோம். பண்டு எங்க வீட்டுல கூடை நிறைஞ்சு கிடக்கும்.”

தேடலின் திசையே அங்கே மாறிவிட்டது. நான் கோயில்களில் தேடியதை அவர் அடுப்படியில் வைத்திருந்தார்.

நோன்பில் முட்டைக்கு இருந்த விலக்கு எவ்வளவு பழையது என்று பார்க்க, 692இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய திருல்லோ திருச்சங்கத்தின் 56ஆவது விதியைத் தேடிப் படித்தேன். ஆர்மீனியாவில் தவக்காலச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்கிறார்களாம்; கூடாது என்கிறது. பீட் எழுதுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே முட்டை நோன்புப் பட்டியலில் இருக்கிறது. மேற்கிலும் அதே விலக்கு வேரூன்றியது. ஐரோப்பாவிலோ பகல் நீள நீளத்தான் கோழிகள் மும்முரமாக முட்டையிடத் தொடங்கும்; பனிக்காலத்தில் முட்டை அரிது. ஆக, முட்டை வந்து குவிகிற அதே வாரங்களில்தான் அதைத் தொடக்கூடாது. ஆறு வாரம் கண்ணெதிரே சேர்ந்த முட்டைக்கு உயிர்ப்பு ஞாயிறு காலையில் என்ன மதிப்பு இருந்திருக்கும்!

1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்க 18 பென்னி என்று ஒரு வரி இருக்கிறது. பென்னிக்கு 25 முட்டை. அவற்றுக்குச் சாயமேற்றி, பொன் தகடு ஒட்டி, அரண்மனைக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முயல் வெகு பிந்தியே வருகிறது. 1682இல் கெயோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஈஸ்டர் முட்டையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அல்சாஸ் பக்கத்தில் இதை முயல் முட்டை என்கிறார்கள், தோட்டத்துப் புல்லில் முயல் இட்டு ஒளித்துவைத்தது என்று சொல்லிப் பிள்ளைகளைத் தேடவிட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்று பதிகிறார். ஆனால் அவரை எழுதவைத்த கவலை முயல் இல்லை. ஈஸ்டரில் அளவுக்கு மீறி முட்டை தின்று ஜனங்கள் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்பது.