பன்னிரண்டில் மூன்றை ஏன் ஒதுக்கினோம்?



பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரவர் தந்த காசில் விமானக் கழகத்துக்குப் பன்னிரண்டு சேர்வோ வாங்கி, அதில் மூன்றைப் பாவிக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம், உண்மையா என்று. உண்மைதான். கேட்டதும் நல்லதுதான். ஊர்க் காசு அமானிதம், அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டு வரியில் பதில் சொன்னால் விளங்காது என்பதால் இங்கே நீளமாக எழுதுகிறோம். நாங்கள் என்றால் கழகத்தின் தரம் 9, 10 பிள்ளைகளும் பொறுப்பாசிரியரும்தான்.

முதலில் சேர்வோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக. தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு பெட்டி அது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், நாலைந்து பற்சக்கரங்கள், ஒரு மாறுந் தடையி, ஒரு சிறு மின்சுற்று. ரிமோட்டில் குச்சியை அசைத்தால் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் சேர்வோவுக்கு ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு ஒன்றரை மில்லிசெக்கன் நீளம் என்றால் நடுவில் நில் என்று அர்த்தம். ஒரு மில்லிசெக்கன் பக்கம் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டு மில்லிசெக்கன் பக்கம் கூடினால் மறுபக்கமும் திரும்பும். செக்கனுக்கு 50 தடவை இந்தக் கட்டளை வரும். தன் கை இப்போது எங்கே நிற்கிறது என்பதை மாறுந் தடையி மூலம் அறிந்து, சொன்ன இடத்துக்கு வந்து நிற்பதுதான் சேர்வோவின் வேலை. அந்தக் கையிலிருந்து ஒரு கம்பி இறக்கையிலோ வாலிலோ இருக்கும் மடலை இழுக்கும். ரிமோட் வைத்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சேர்வோ நின்றுவிட்டால் அவர் வேடிக்கை பார்ப்பவர்தான்.

எங்கள் ரெஜிபோம் விமானம் பற்றரியோடு சுமார் 800 கிராம். செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீற்றரில் பறக்கும். அதன் இயக்க சக்தியைப் பிள்ளைகளே கணக்கிட்டார்கள்: 90 ஜூல். ஒரு கிலோ சீனிப் பையை ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து, மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே போடுவதற்குச் சமன். ரெஜிபோம்தானே, பட்டாலும் என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இந்த எண்தான். விளையாட்டுப் போட்டி அன்று கூடாரங்களுக்கு மேலால் ஒரு சுற்று விடச் சொல்லிக் கேட்டார்கள். நாங்கள் மறுத்ததற்கும் இதுதான் காரணம்.

சரி, மூன்றை ஏன் ஒதுக்கினோம்? வாங்கி வந்ததும் பன்னிரண்டையும் ஆய்வுகூட மேசையில் சோதித்தோம். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் ஒரு சேர்வோ டெஸ்டர், கோணமானி, ஓர் ஈர்க்கு, அரைக் கிலோ சீனி. அவ்வளவுதான்.

முதல் சோதனை நடுவுக்கு வருவது. சேர்வோவின் கையில் 20 சென்ரிமீற்றர் ஈர்க்கு ஒன்றை ஒட்டினோம். ஒரு பாகை திரும்பினால் ஈர்க்கின் நுனி மூன்றரை மில்லிமீற்றர் நகரும், கண்ணுக்கே தெரியும். இடப்பக்கம் கொண்டுபோய் நடுவுக்கு விட வேண்டும், வலப்பக்கம் கொண்டுபோய் நடுவுக்கு விட வேண்டும். இரண்டு தடவையும் நுனி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தது, ஏறத்தாழ 6 பாகை. அதை வாலில் பூட்டினால், பிள்ளை குச்சியை விட்ட பிறகும் விமானம் தானாக மூக்கைத் தூக்கும், அல்லது குத்தும்.

இரண்டாவது சோதனை ஓட்டம். பத்து நிமிடம் இரு பக்கமும் ஆட விட்டோம். பிறகு சும்மா நிறுத்தி, காதில் வைத்துக் கேட்டோம், விரலால் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு பரவாயில்லை. ஒன்று மட்டும் சும்மா நிற்கும்போதும் வண்டு போல இரைந்துகொண்டே இருந்தது, விரல் வைக்க முடியாத சூடு. நிற்க வேண்டிய இடம் தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது சோதனை சுமை. அச்சிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்துத் துளையில் அரைக் கிலோ சீனியைத் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்க விட்டோம். பதினொன்று ஒழுங்காகத் தூக்கின. ஒன்று குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் 'டிக்' என்று நழுவியது. மூடியைத் திறந்தால் நைலோன் சக்கரத்தில் ஒரு பல் பாதிதான் இருந்தது. புதுப் பெட்டி, அன்றுதான் உடைத்தது.

அந்தக் கம்பனியின் பெயரை இங்கே போட மாட்டோம். ஒரு தாய் கேட்டார், "மோட்டரும் ஓடுது, கையும் அசையுது, பிறகு ஏன் சேர் ஒதுக்கினீங்க?" என்று. மேசையில் நழுவினால் சீனிப் பை கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். 30 மீற்றர் உயரத்தில் நழுவினால் திருத்திக்கொள்ள இரண்டு செக்கன்தான் இருக்கும். ஒதுக்கினோமே தவிர எறியவில்லை. மூன்றும் விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போகின்றன. இரைவதும் நடு தவறுவதும் புகையிரதக் கடவைப் படலைகளைத் தூக்கும். பல் உடைந்தது வெட்டித் திறந்து காட்டும் மாதிரியாகும். தரையில் பிழைத்தால் யாருக்கும் காயமில்லை.

இனி வாங்குவதைப் பற்றி. எல்லோரும் முதலில் பார்ப்பது விலையையும் பெட்டியில் எழுதியிருக்கும் பலத்தையும்தான். பிள்ளைகள் நிறையப் பாவிக்கும் நீல நிற எஸ்.ஜி. 90 சேர்வோ 9 கிராம். அதன் விவரத்தாளில் 4.8 வோல்ற்றில் 1.8 கிலோகிராம் சென்ரிமீற்றர் என்று இருக்கும். பல வருடங்களாக விமானக்காரர்கள் நம்பிப் பூட்டிய ஹைடெக் எச்.எஸ். 55 சேர்வோ 8 கிராம். அதற்கு அதே வோல்ற்றில் 1.1 தான் எழுதியிருப்பார்கள். தாளைப் பார்த்தால் மலிவானதுதான் பலசாலி. ஆனால் அந்த எண், கை அசையாமல் முட்டி நிற்கும் கடைசிக் கணத்தின் பலம். ஆயிரம் தடவை ஆடிய பிறகும் அதே நடுவுக்கு வருமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு மீற்றர் இறக்கை உள்ள மெதுவான பயிற்சி விமானத்துக்கு இரண்டின் பலமும் தாராளம். எங்களுக்கு வேண்டியது சொன்ன இடத்தில் நிற்கும் குணம். எஸ்.ஜி. 90 என்ற பெயரில் சந்தையில் போலிகளும் நிறைய இருப்பதால், ஒரே பெட்டியில் வாங்கியவற்றிலும் ஒன்று போல மற்றொன்று இருக்காது.

உலோகப் பற்சக்கரம் போட்டதை வாங்கினால் போதும்தானே என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். பாதி சரி. நைலோன் பல் இலேசானது, ஆனால் தரையில் மூக்குக் குத்தினால் முதலில் உடைவது அதுதான். உலோகப் பல் அந்த அடியைத் தாங்கும். எம்.ஜி. 90 எஸ் போன்றது சுமார் 13 கிராம், அதாவது ஒன்றுக்கு நாலைந்து கிராம்தான் கூட. ஆனால் உலோகமும் தேயும். தேயத் தேயக் கை ஆட்டம் காணும். அதோடு, பல் மட்டும்தான் உலோகம். உள்ளே இருக்கும் மாறுந் தடையியும் மின்சுற்றும் மலிவானதாகவே இருக்கலாம். சில போலிகளில் ஒரு சக்கரம் மட்டும் நைலோனாக ஒளிந்திருக்கும், மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

கையில் காசு குறைவென்றால் எதை எங்கே போடுவது? எங்கள் விமானத்தில் நாலு சேர்வோ. இறக்கையில் இரண்டு, வாலில் சுக்கானுக்கு ஒன்று, மேலே கீழே போவதற்கான எலிவேட்டருக்கு ஒன்று. இறக்கையில் ஒன்று நடுவில் நின்றுபோனால் மற்றது ஓரளவு சமாளிக்கும். சுக்கான் அப்படி நின்றால் இறக்கையால் திருப்பலாம். எலிவேட்டர் போனால் அதன் வேலையைச் செய்ய வேறு ஆளில்லை. ஆகவே சோதனையில் முதலாவதாக வந்தது எலிவேட்டருக்கு. காசு கூடக் கிடைத்தால் நல்ல கம்பனிச் சேர்வோவும் முதலில் அங்கேதான் போகும்.

நல்ல சேர்வோவையும் பூட்டும் விதத்தால் கெடுக்கலாம். கம்பியைச் சேர்வோக் கையின் உட்துளையிலும் மடலின் வெளித்துளையிலும் கொழுவினால் பலம் கூடும், ஆட்டம் குறையும். விசையின் திருப்பம் என்று வகுப்பில் படித்தது இதுதான். மடல் எங்கும் முட்டாமல் இருக்க வேண்டும். முட்டினால் சேர்வோ விடாமல் தள்ளி மின்னை உறிஞ்சும். நாலு சேர்வோவும் ரிசீவரும் ஒரே 5 வோல்ற் வழங்கலில் இருந்துதான் குடிக்கின்றன. ஒன்று அளவுக்கு மீறிக் குடித்தால் வோல்ற்று விழுந்து ரிசீவரே அணைந்துவிடலாம். அப்போது நல்ல மூன்றும் சேர்ந்து செத்துப்போகும். இரைந்த சேர்வோவைக் கண்டு பயந்தது இதனால்தான். 6 வோல்ற் வரைக்கும் என்று எழுதியதை இரண்டு செல் லித்தியம் பற்றரியில் நேரடியாகக் கொடுக்கவும் கூடாது, முழுதாக ஏற்றினால் அது 8.4 வோல்ற்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஆளில்லா விமானங்கள் பறக்க நாடு முழுவதும் தடை போட்டது. அந்த நாட்களில் நமது வீடுகளில் என்னவெல்லாம் சோதிக்கப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். ரிமோட்டில் இயங்கும் ஒரு பொருள் நமது ஊரிலிருந்து கிளம்பி அடுத்த ஊர் வளவில் விழுந்தால், அது ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானாக மட்டும் பார்க்கப்படாது. ஆகவே விதிப்படி அனுமதி எடுத்து, பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்து, அறுவடை முடிந்த வயலில் மட்டும் பறக்க விடுகிறோம். சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படியும் வைத்திருக்கிறோம். ஆனால் உடைந்த பல்லுக்கு எந்த அனுமதிப் பத்திரமும் உதவாது. அதை மேசையில்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது ஒன்பது நல்லவை இருக்கின்றன. இரண்டு விமானத்துக்கு எட்டு, கைவசம் ஒன்று. மூன்றாவது அணிப் பிள்ளைகளின் விமானம் தரையில்தான். அவர்களுக்கு மனவருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த மூன்றையும் ஒதுக்கக் கை தூக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள். மாஷா அல்லாஹ்.

கட்டார், சவூதியிலிருந்து லீவில் வரும் சகோதரர்கள் உதவ விரும்பினால் நாலு சேர்வோ போதும். 8 முதல் 13 கிராம் வரை, 4.8 முதல் 6 வோல்ற், பெயருள்ள கம்பனி, நாலும் ஒரே வகை. கைகளும் திருகாணிகளும் பெட்டியிலேயே இருக்க வேண்டும், ஒரு கம்பனியின் கை மற்றதன் அச்சில் சரியாக உட்காராது. கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குவதானால், பிழைத்தால் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டு, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். விலை பேசுவது பிறகு.

எது வந்தாலும், எவ்வளவு விலையானதாக இருந்தாலும், யார் தந்ததாக இருந்தாலும், ஈர்க்கும் சீனியும் தாண்டித்தான் விமானத்துக்குப் போகும். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆய்வுகூடத்தில் ஒன்பதையும் மறுபடி சோதிக்கிறோம். சந்தேகம் உள்ள பெற்றோர் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளையே விளக்கும். வரவுசெலவுப் புத்தகமும் மேசையில் இருக்கும்.