ஆயா கூட்டாத சருகு

முந்திரிப் பழத்தைச் சும்மா தின்றால் தொண்டை கமறும், மரக்காணத்துக் கல்லுப்பைத் தொட்டுக்கொண்டுதான் தின்னணும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆயாதான். தெருவில் உப்பு வண்டி வந்தால் ஒரு முறம் மல்லாட்டையைக் கொட்டி உப்பு வாங்கிக்கொள்ளும். அதில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து, கேவுரு கூழ்த் தூக்கை என் கையில் கொடுத்து, மாகாளேஸ்வரர் கோயிலைத் தாண்டி, ஏரிக்காற்று முகத்தில் அடிக்கக் கொல்லைக்கு நடக்கும்.

கொல்லை என்றால் கிணறில்லாத செம்மண் மேடு. ஆடி மழையில் மல்லாட்டை, ஊடே துவரை, ஓரத்தில் காராமணி, வரப்பில் ஆமணக்கு என்று ஆயா கலந்துதான் விதைக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள். புகை எங்கள் பக்கம் வரும். ஆயாவோ முந்திரிச் சருகு, பூவரச இலை, துவரை மிளாறு, பிடுங்கிய களை எல்லாவற்றையும் அங்கங்கே மண்மேல் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடும். நான் சருகைக் கிளறினால், "மூடி வை கண்ணு, மண்ணு வெயில்ல வெந்துபூடும்" என்று அதட்டும். மூடுவதற்கு முன் எனக்கு நிறைய வேலை இருந்தது. அடியில் ஈரம், சுருண்டுகொள்ளும் மரவட்டை, வெள்ளை நூலாய்ப் படர்ந்த பூஞ்சை. முதல் மழைக்கு வெளியே வரும் சிவப்புப் பட்டுப்பூச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டு, அவற்றுக்குப் பசிக்குமே என்று கூழும் ஒரு சொட்டு வைப்பேன்.

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் குட்டி முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு. செடிக்கு ஏதோ சீக்கு என்று பயந்து ஓடினேன். "அதுக்கு வேணுங்கிற சோத்த அதுவே ஆக்கிக்குது, போ" என்றது ஆயா. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அந்த முடிச்சுக்குள் குடியிருக்கிறது என்று அப்புறம் படித்தபோது, ஆயாவின் வாக்கியமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்து மரமில்லாத மேடுகளில் மழை மண்ணை அறுத்துப் பள்ளம் பள்ளமாக்கி, அடைமழையில் கடல்கூட ஓரத்தில் சிவந்து கிடக்கும். 1968ல் ஆரோவில் தொடங்கிய பிறகு அந்த மேடுகளில் வரப்பு கட்டி, மழையை நிறுத்தி, மரம் வைத்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் கன்று நடக் கூலிக்குப் போய் வந்தார்கள். அங்கேதான் பெர்னார்டு என்ற பெல்ஜியக்காரரிடம் நம்மாழ்வார் இயற்கை வேளாண்மை பழகினார் என்பதும், கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டவர் நம்மாழ்வார் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. உழாதே, உரமிடாதே, களையெடுக்காதே, மருந்தடிக்காதே என்று ஜப்பானின் புகோகா சொன்னதையும் அப்போதுதான் படித்தேன். ஆயா உழும், களையும் எடுக்கும். புகோகா கணக்கில் பாதிதான் தேறும். ஆனால் மண் தானே செய்துகொள்கிற வேலையில் கைவைக்கக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

பெர்னார்டும் தீபிகா குந்தாஜியும் 1994ல் தொடங்கிய பெபிள் கார்டனும் அந்த அரித்துப்போன நிலத்தில்தான். வெளியிலிருந்து எருவோ மண்ணோ கொண்டு வராமல், அங்கேயே வளர்ந்த மரங்களின் இலைதழையை வைத்தே மண்ணை உண்டாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைக் காப்பாற்றுகிறார்கள். ஆயா இருந்திருந்தால் அந்த மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, சுரை விதைக்கு மல்லாட்டை எத்தனை படி வேண்டும் என்று பேரம் தொடங்கியிருக்கும்.