தலையையும் பாருங்கள்

கைக்குழந்தையின் தலையை மேலிருந்து பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்துக் கொஞ்சும்போது தலையின் வடிவம் கண்ணில் படாது. ஒரகடம் பக்கம் புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் அம்மா மடியில் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, உச்சியிலிருந்து பார்ப்பேன். பிறகு விரல் நுனியால் உச்சிக்குழி தொடங்கிப் பின்மண்டை வரை தடவுவேன். எலும்புகள் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். அங்கே வரப்புபோல் கெட்டியான மேடு தட்டுப்பட்டால் கை நின்றுவிடும்.

அந்த இணைப்புகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வதுதான் கிரேனியோசினோஸ்டோசிஸ். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. மூளை முதல் வருடத்தில் வேகமாக வளரும். மூடிய பக்கம் வழி இல்லாததால் தலை வேறு பக்கம் நீளும். நடு உச்சி இணைப்பு மூடுவதே அதிகம். அப்போது தலை குறுகி, முன்னும் பின்னும் நீளும். சுற்றளவு சரியாகவே இருக்கலாம் என்பதால் டேப்பை மட்டும் நம்ப முடியாது.

ஒரே பக்கம் படுத்துத் தட்டையான தலை வேறு. அதில் மேடு இருக்காது. தட்டையான பக்கத்துக் காது சற்று முன்தள்ளி இருக்கும். படுக்கும் பக்கத்தை மாற்றி, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும். "எண்ணெய் தேச்சு உருட்டிவிட்டா சரியாப் போயிடும்" என்று பாட்டிகள் ஆசையாகச் சொல்வார்கள். மூடிய எலும்பு எந்தக் கைக்கும் திறக்காது.

இங்கே வரும் குடும்பங்களுக்கு வேலை மாறினால் வாடகை வீடும் மாறும். பிரசவம் ஒடிசாவிலோ திருநெல்வேலியிலோ நடந்திருக்கும். பிறந்தபோது பார்த்தவர் வேறு, இப்போது பார்ப்பவர் வேறு. அதனால் சுற்றளவு, உச்சிக்குழி, மேடு உண்டா இல்லையா என மூன்றையும் தாய்-சேய் அட்டையின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். அடுத்த ஊரில் பார்ப்பவருக்கு அந்த எழுத்துதான் துணை. சந்தேகம் இருந்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பேன்.

மூன்று மாத அளவில் கண்டுபிடித்தால் பல குழந்தைகளுக்குச் சிறு கீறல் வழியாக எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சை செய்ய முடியும். ஆறு மாதம் தாண்டினால் பெரும்பாலும் மண்டையோட்டைத் திறந்து எலும்பை மாற்றி அமைக்க வேண்டிவரும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் மூன்றும் இந்த ஆறு மாதக் கெடுவுக்குள்ளேயே வருகின்றன.

தாய்மார்களே, அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், "தலையையும் ஒரு தடவை பாருங்க" என்று கேளுங்கள். பார்ப்பது எங்கள் கடமை.