அந்திகுவாவில் அரிச்சுவடி (பகுதி 2)

வேலையை விட்ட கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம், நல்ல சம்பளம், குறைசொல்ல முடியாத மேலதிகாரி. நோட்டீஸ் காலம் முடிந்து அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா கேட்டார்: "வேற கம்பெனியாம்மா?"

"இல்லப்பா. ஸ்பானிஷ் கத்துக்கப் போறேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எவ்வளவு நாளைக்குக் காசு வச்சிருக்கே?" என்றார்.

"திரும்பி வந்து வேலை தேடுற வரைக்கும் வச்சிருக்கேன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வேலையை விட நினைக்கும் எவருக்கும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் நினைக்கிறேன். பயணச் செலவு எளிதாகக் கணக்குக்குள் வந்துவிடும். திரும்பி வந்தபின் சம்பளம் இல்லாமல் கழியப்போகும் மாதங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஏன் ஸ்பானிஷ்? அலுவலகத்தில் என் கடைசிச் சில ஆண்டுகள் மெக்சிகோவில் இருந்த ஒரு குழுவோடு கழிந்தன. நம் இரவு, அவர்களுக்குக் காலை. அழைப்பில் அவர்கள் தங்களுக்குள் வாதாடுவார்கள், சிரிப்பார்கள், சமாதானமாவார்கள். பிறகு ஒருவர் எங்களுக்காக ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு முன்னால் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குள் வளர்ந்துகொண்டே போனது. 45 கோடிப் பேருக்கு மேல் தாய்மொழியாகப் பேசும் மொழி, 20 நாடுகளில் ஆட்சிமொழி என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்ட காரணங்கள்.

ஸ்பெயினுக்குப் போகாமல் குவாத்தமாலாவுக்கு வந்ததற்குக் காரணம் இங்குள்ள பள்ளிகளின் முறை. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். காலையில் நான்கு மணி நேரம், மரத்தடியில் ஒரு சின்ன மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. பள்ளியே ஏற்பாடு செய்துதரும் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடலாம். இத்தனைக்கும் ஐரோப்பாவில் ஆகும் செலவில் ஒரு பங்குதான்.

நான் வந்து இறங்கிய அந்திகுவா, விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த கரீபியன் தீவு அல்ல. இது மூன்று எரிமலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய தலைநகரம். ஸ்பானியர்கள் 1543இல் இங்கே குடியேறினார்கள். 1773இல் வந்த பூகம்பம் நகரத்தைப் புரட்டிப்போட்டது. மூன்றாண்டுகள் கழித்துத் தலைநகரை இன்றைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றினார்கள். அரசு போனபின் இடிந்த தேவாலயங்களை எடுத்துக்கட்ட யாருக்கும் வசதி இல்லை. கூரையில்லாத மண்டபங்களும் பிளந்த தூண்களும் அப்படியே நிற்பதற்கு அதுதான் காரணம். 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஆசிரியை ஐம்பது வயதைக் கடந்தவர், ஆங்கிலம் பேசமாட்டார். முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷ் மட்டும்தான். புரியாவிட்டால் படம் வரைந்து காட்டுவார், நடித்துக் காட்டுவார்.

அங்கே நான் கண்டுகொண்டதை இந்தத் தொடரைப் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஸ்பானிஷுக்குள் நுழைய ஆங்கிலத்தைவிடத் தமிழ் நல்ல வழி. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். ‘நான் காப்பியை விரும்புகிறேன்’ என்ற அமைப்பே அதில் கிடையாது. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. கையிலிருந்து டம்ளர் விழுந்தால் ஆங்கிலத்தில் அதைப் போட்டவர் நான்தான். ஸ்பானிஷில் ‘சே மே காயோ’ என்பார்கள். நம் வீட்டில் ‘கை தவறி விழுந்துடுச்சு’ என்கிறோமே, அதே மனசு. மறந்தால் ‘சே மே ஓல்பிதோ’, எனக்கு மறந்துபோச்சு. பாடநூல்கள் ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டவை. இந்த இடங்களில் எல்லாம் அவை பக்கம் பக்கமாக எச்சரிக்கின்றன. தமிழர்களுக்கு அந்தப் பக்கங்கள் தேவையே இல்லை.

வினைச்சொல்லின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நாங்கள்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் நமக்குப் பழக்கம்தான். உச்சரிப்பிலும் அப்படியே. ஆங்கிலப் பழக்கத்தில் நாக்கை மடித்து ‘ட’ சொல்லாமல், பல்லைத் தொடும் நம் ‘த’வைச் சொன்னால் போதும். என் ஆசிரியை தன் வயதான தாயை எப்போதும் மரியாதைப் பன்மை போன்ற ‘உஸ்தெத்’ என்றுதான் அழைப்பார். சின்னப் பேரனையும் கொஞ்சும்போது அதே ‘உஸ்தெத்’தான். குழந்தையை "வாங்க தங்கம்" என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடினமானவையும் உண்டு. மேசை பெண்பால், வரைபடம் ஆண்பால். அஃறிணையில் வளர்ந்த நமக்கு இதற்கு மனப்பாடம் ஒன்றே வழி.

இரண்டு இறந்தகாலங்களை அவர் சொல்லிக்கொடுத்த நாள் என்றைக்கும் மறக்காது. நடந்துகொண்டிருந்ததற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு இன்னொன்று. அவர் நோட்டை மூடிவிட்டு, மதிலுக்கு மேலே தெரிந்த ஃபுவேகோ எரிமலையைக் காட்டினார். பகலெல்லாம் சிறுசிறு இடைவெளியில் அது புகைவிட்டுக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் தலை திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. 2018 ஜூன் 3ஆம் தேதியை அவர் சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இதுவரை முதல் இறந்தகாலம். பிறகு வானம் இருண்டது. சாம்பல் விழுந்தது. மலையின் தெற்குச் சரிவில் சான் மிகேல் லோஸ் லோதெஸ் என்ற ஊர் புதைந்தது. இது இரண்டாவது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இன்னும் பலர் காணாமலே போனார்கள். அவர் குரல் உடைந்தது. ஆனாலும் வாக்கியங்களை எனக்குப் புரியும் வேகத்திலேயே, ஒவ்வொரு வினையையும் தெளிவாகச் சொல்லி முடித்தார். வகுப்பறையில் முப்பது பேரோடு உட்கார்ந்திருந்தால் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்காது.

மதியத்துக்குமேல் சந்தை. திங்கள், வியாழன், சனி சந்தை நாள்கள். அந்த நாள்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கக்சிகெல் மாயப் பெண்கள் கூடையோடு வருவார்கள். கையால் நெய்த உய்பில் என்ற மேலாடையின் வேலைப்பாட்டிலிருந்தே எந்த ஊர்க்காரர் என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். கூடையில் நம் சௌசௌ! அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். இங்கே அதன் பெயர் விஸ்கில். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய் இங்கே வந்து சேர்ந்து, இன்று உலகிலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடாகக் குவாத்தமாலா இருக்கிறது. ஆனால் நான் தங்கியிருந்த வீட்டில் அதைச் சமையலில் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

விஸ்கில் விற்ற அம்மா என்னிடம் கேட்டார்: "உனக்கும் காஸ்தெயானோ (ஸ்பானிஷ்) வீட்டு பாஷை இல்லையா?"

"இல்லைம்மா. என் பாஷை தமிழ். இப்பத்தான் இதைக் கத்துக்கறேன்."

"நானும் சந்தைக்கு வந்துதான் கத்துக்கிட்டேன், மகளே. வீட்டுல கக்சிகெல்தான்."

அவருடைய ஸ்பானிஷ் நிதானமானது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. குவாத்தமாலாவில் 22 மாய மொழிகள் உயிரோடு இருக்கின்றன. 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மென்சு, கிசே மொழியில் வளர்ந்து, ஸ்பானிஷை வளர்ந்தபின் கற்றவர். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாய மக்கள் என்று ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் பதிவுசெய்தது. நான் ஆசைப்பட்டுக் கற்கும் மொழி அவர்களுக்கு நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் சந்தையிலும் தேவைப்பட்டதால் கற்ற மொழி. அன்று முதல் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கக்சிகெல்லில் சில சொற்களும் கேட்டுக்கொண்டேன். அவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு வந்து சொன்னார். அடுத்த சந்தை நாளில் ‘மத்தியோஷ்’ என்று நன்றி சொன்னபோது, அந்த அம்மா கூடுதலாக ஒரு விஸ்கில் எடுத்துப் பையில் போட்டார்.

படிக்க வர விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்திகுவாவில் பள்ளிகள் ஏராளம், கட்டணமும் பலவிதம். சில பள்ளிகளை ஆசிரியர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். வேறு சிலவற்றில் நீங்கள் கட்டுவதில் சிறு பகுதிதான் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. பெயரைப் பதிவுசெய்வதற்கு முன், ஆசிரியருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லும் பள்ளியில் சேருங்கள்.

(அடுத்த வாரம்: வண்ணம் தீட்டிய பழைய பள்ளிப் பேருந்தில் கெட்சால்தெனாங்கோ)